ஓபினெல் 8 மடக்குக்கத்தி: கொடுக்கும் காசுக்குத் தகுமா?

மடக்குக்கத்தி வாங்க நினைப்பவர்கள் முதலில் எஃகின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அடுத்த கேள்வி பூட்டைப் பற்றி. அலகு எவ்வளவு மெல்லியது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒரு கத்தி தக்காளியை நசுக்காமல் அறுக்குமா, கேரட்டைப் பிளக்காமல் சீவுமா, அட்டைப்பெட்டியை இழுத்த இழுப்பில் கிழிக்குமா என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது அந்த மெல்லிய தன்மைதான். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் பிறந்த ஓபினெல் 8-ஐ இந்தக் கண்ணோடு பார்த்தால், பல மடங்கு விலையுள்ள கத்திகள் திணறும் வேலையை அது எளிதாகச் செய்வது தெரியும். குறைகளும் உண்டு. அவற்றில் ஒன்று, ஈரக்காற்று அடிக்கும் ஊர்க்காரர்களைக் கட்டாயம் தொந்தரவு செய்யும்.

வரலாறு கொஞ்சம் தெரிந்திருந்தால் வடிவமைப்பு எளிதில் பிடிபடும். கோடரி, அரிவாள் போன்ற வெட்டுக் கருவிகள் செய்யும் குடும்பத்தில் பிறந்த ழோசஃப் ஓபினெல், 1890-ல் தன் ஊர் விவசாயிகளுக்காக இந்தக் கத்தியை வடிவமைத்தார். 1897-ல் 1 முதல் 12 வரை எண்ணிட்டு பன்னிரண்டு அளவுகளில் வந்தது. 1-ம் 11-ம் பின்னாளில் கைவிடப்பட்டன. எண்ணும் அலகின் நீளமும் ஏறக்குறைய ஒட்டி வரும்: 6-க்கு 7 செ.மீ., 8-க்கு 8.5, 10-க்கு 10, 12-க்கு 12. அலகில் குத்தியிருக்கும் முடிசூடிய கை முத்திரை 1909-ல் பதிவானது. கை, செயின்ட் ழான் த மோரியென் நகரின் சின்னத்தில் உள்ள திருமுழுக்கு யோவானின் ஆசி வழங்கும் கை. முடி, சவோய் சிற்றரசைக் குறிப்பது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1985-ல் உலகின் சிறந்த வடிவமைப்புள்ள நூறு பொருள்களில் ஒன்றாக இதைச் சேர்த்தது. ஆனால் பட்டியலில் இடம் பிடித்ததற்காக யாரும் கத்தி வாங்க வேண்டியதில்லை. கையில் எடுத்துப் பிரித்துப் பார்த்தால் காரணம் தானே தெரியும்.

மொத்தம் ஐந்தே பாகங்கள்: மரப்பிடி, அலகு, ஓர் ஆணி, ஆணியோடு பிடியின் வாயை இறுக்கிப் பிடிக்கும் உள்வளையம், அதன் மேல் சுழலும் வெளிவளையம். திருகாணி கிடையாது, வாஷர் கிடையாது, சுருள்வில் கிடையாது. எடை 45 கிராம் அளவில். மடக்கினால் 11 செ.மீ. நீளம். சட்டைப்பையில் இருப்பதே தெரியாது என்று சொல்ல முடியாது. பிடி உருண்டையாக இருப்பதால் பை கொஞ்சம் புடைக்கும். ஆனால் பையை இழுத்துத் தொங்கவிடாது.

அலகுதான் விஷயம்

ஓபினெல் 8-ன் அலகு முதுகுப் பக்கத்தில் 1.6 அல்லது 1.7 மி.மீ. கனம்தான். அங்கிருந்து வாய் வரை, அதாவது வெட்டும் ஓரம் வரை, மிக லேசான குவிவோடு சரிந்து, கூர் தொடங்கும் இடத்துக்கு மேலே அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக மெலிகிறது. முரட்டு வேலைக்கென்று விற்கும் மடக்குக்கத்திகளின் முதுகு 3 முதல் 4 மி.மீ. வரை போகும். இரண்டுக்கும் ஒரே கோணத்தில் சாணை பிடித்து ஒரு தாளை வெட்டிக் காட்டினால் வித்தியாசமே தெரியாது, ஏனென்றால் தாளுக்கு ஆழமில்லை. உருளைக்கிழங்கையோ கெட்டியான மாங்காயையோ கொடுங்கள். கனத்த அலகு கால்வாசி இறங்கியதும் ஆப்பு அடித்ததுபோல் காயை இரண்டு பக்கமும் தள்ளும். காய் வெட்டுப்படாமல் பிளக்கும். மெல்லிய அலகு போட்ட கோட்டிலேயே அடிவரை போகும். அதனால்தான் கடையில் தாளை வெட்டிக் காட்டுவதை வைத்துக் கத்தியை மதிப்பிடக் கூடாது. ஒரு கேரட்டை நீளவாக்கில் பிளக்காமல் சீவ முடிகிறதா என்று பார்ப்பது நல்ல சோதனை.

மெல்லிய அலகு எதைத் தாங்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பெயின்ட் டப்பா மூடியை நெம்பினால் நுனி ஒடியும். மரத்தில் குத்தி இறக்கிப் பக்கவாட்டில் முறுக்கினால் வாய் மடங்கும், இல்லையென்றால் சிறு பல் விழும். எலும்பு வெட்டவோ, விறகு பிளக்க முதுகில் தட்டவோ இது ஆகாது. இதெல்லாம் இந்தக் கத்தியின் பழுது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வெட்டும் திறனுக்காகக் கொடுத்த விலை அது. நெம்புவதற்கு ஒரு திருப்புளி வைத்துக்கொள்வதுதான் சரி.

நுனி ஒடிந்துவிட்டால் பலர் வாய்ப் பக்கத்தைத் தேய்த்துப் புது நுனி எடுக்கிறார்கள். அப்படிச் செய்தால் அலகின் வளைவே மாறிப்போகும், முன்பகுதி கனத்துவிடும். முதுகுப் பக்கத்தைத்தான் சரிவாகத் தேய்த்து, இருக்கிற வாயோடு கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஒடிந்திருந்தால் கரடுமுரடான சாணைக்கல்லிலேயே கையால் செய்துவிடலாம்.

தெருவில் சைக்கிள் சக்கரத்தோடு வரும் சாணைக்காரரிடம் இந்த அலகைக் கொடுக்க வேண்டாம். அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் அவர்கள் கைவேலை பொருந்தும். இவ்வளவு மெல்லிய எஃகு, தண்ணீரில்லாமல் வேகமாகச் சுழலும் கல்லில் பட்டால் நொடியில் சூடேறும். வாயோரம் வைக்கோல் நிறம் வந்தாலே சூடு 200 டிகிரியைத் தாண்டிவிட்டது. நீலம் பாய்ந்தால் 300-ஐ நெருங்கிவிட்டது. அந்த இடத்தில் எஃகின் கடினம் போய்விடும், எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. நீலம் பாய்ந்த பகுதியை முழுவதும் தேய்த்து எடுப்பது தவிர வேறு வழியில்லை.

வளையப் பூட்டு

1955-ல் மார்செல் ஓபினெல் சேர்த்ததுதான் வீரோபிளாக் என்ற சுழல்வளையம். 6-ம் எண்ணிலும் அதற்கு மேற்பட்ட அளவுகளிலும் உண்டு, 2 முதல் 5 வரை கிடையாது. வளையத்தில் ஒரு பிளவு இருக்கிறது. அந்தப் பிளவு பிடியின் காடிக்கு, அதாவது அலகு மடங்கி உட்காரும் நீளப் பள்ளத்துக்கு, நேராக நிற்கும்போது அலகு மடங்கலாம். வளையத்தைச் சற்றுத் திருப்பினால் அதன் கெட்டியான பகுதி காடியை மறைத்துக்கொள்ளும். அலகின் அடிப்பகுதி திரும்ப இடமில்லாமல் நிற்கும். 2000-ம் ஆண்டிலிருந்து மடக்கிய நிலையிலும் பூட்டலாம். பைக்குள் தானே திறந்துகொள்ளுமோ என்ற பயம் அதனால் இல்லை.

இந்தப் பூட்டின் சிறப்பு அதன் சரிவில் இருக்கிறது. வளையத்தைத் திருப்பத் திருப்ப அலகின் அடியை அது இறுக்கிக்கொண்டே போகும். ஆண்டுகள் போய் உலோகம் தேய்ந்தால், முன்பு கால் சுற்றில் இறுகியது இப்போது இன்னும் கொஞ்சம் தள்ளி இறுகும். தேய்மானத்தைப் பூட்டே ஈடுகட்டிக்கொள்கிறது. தகடு விலகிப் பூட்டும் லைனர் லாக் கத்திகளில் இதே தேய்மானம் தகட்டை மறுகோடி வரை நகர்த்தி, கடைசியில் ஆட்டம் கொடுக்க வைக்கும். இன்னொரு வசதி: வளையத்தை விடுவிக்கும்போது விரல் அலகு விழும் பாதையில் இருப்பதில்லை. லைனர் லாக்கில் கட்டைவிரலை அந்தப் பாதையிலேயே வைத்துத்தான் தகட்டைத் தள்ள வேண்டும். வலக்கை, இடக்கை யாராக இருந்தாலும் வளையம் ஒரே மாதிரி வேலை செய்யும் என்பதும் சின்ன விஷயமில்லை.

குறை: திறக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் கயிறைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கத்தியைத் திறந்து அறுக்க வேண்டிய வேலை செய்பவர்கள், படகிலோ ஏணியிலோ நிற்பவர்கள், இதை வாங்கக் கூடாது. அவர்களுக்கு, கட்டைவிரலால் தள்ளி ஒரே கையில் திறக்க அலகில் வட்டத்துளை உள்ள கத்திதான் சரி. அமெரிக்காவின் ஸ்பைடர்கோ 1981-ல் அந்தத் துளையையும் பையில் மாட்டும் கிளிப்பையும் ஒரே கத்தியில் கொண்டுவந்தது. இன்று வரும் பெரும்பாலான நவீன மடக்குக்கத்திகளில் அந்தக் கிளிப் இருக்கிறது.

வெளிவளையம் தளர்ந்து தானே சுழன்றால் கத்தியை மாற்ற வேண்டியதில்லை. அது பிளவுள்ள ஒரு வளையம்தான். வில்போல இறுக்கிப் பிடித்திருக்கிறது. சிறிய குறடால் இரண்டு ஓரங்களையும் லேசாக நெருக்கினால் பழைய பிடிப்பு வந்துவிடும். கழற்றும்போது அகலமாக விரித்துவிடக் கூடாது, விரித்தால் வளைந்தே நின்றுவிடும்.

மரப்பிடி: அழகும் தலைவலியும்

பிடி பீச் மரம். உருண்டை, நடுவில் சற்றுப் புடைப்பு, பின்கோடியில் விரிந்து சரிவாக வெட்டிய வால். விரல்களுக்கென்று பள்ளம் எடுத்த பிடிகள் ஒரே ஒரு பிடிமானத்துக்குத்தான் வசதி. கை சிறுத்தவருக்கும் பெருத்தவருக்கும் அந்தப் பள்ளங்கள் தப்பான இடத்தில் உறுத்தும். ஓபினெலின் பிடி எப்படித் திருப்பிப் பிடித்தாலும் கைக்குள் அடங்குகிறது. அரைமணி நேரம் மரம் சீவினாலும் உள்ளங்கையில் கொப்புளம் வராது. கை நனைந்திருந்தால் மட்டும் உருண்டைப் பிடி கொஞ்சம் உருளப் பார்க்கும். மீன் சுத்தம் செய்யும் வேலைக்கு இது முதல் தேர்வாகாது.

தலைவலி வேறு இடத்தில். பிடியின் வெளிப்புறத்துக்கு வார்னிஷ் உண்டு. அலகு உட்காரும் காடியின் உள்சுவர்களில் சரியான பூச்சு இல்லை. பீச், ஈரத்தை வேகமாக உறிஞ்சி நன்றாகவே ஊதும் மரம். சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ ஐப்பசி மழைக்காலத்தில் காடி உள்ளுக்குள் ஊதி, அலகின் அடியைக் கவ்விக்கொள்ளும். நகம் மாட்டும் பள்ளத்தில் எவ்வளவு இழுத்தாலும் வராது. நகம்தான் பிய்யும். குறடு போட்டு அலகை இழுப்பவர்கள் உண்டு. அலகில் கீறல் விழும், பிடி வழுக்கினால் கை அறுபடும்.

சவோய்க்காரர்களின் வழி எளியது. வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்புங்கள். கத்தியை நகப்பள்ளம் மேலே தெரியும்படி பிடித்து, பிடியின் பின்கோடி மூலையை மேசை விளிம்பிலோ கட்டையிலோ ஓங்கித் தட்டுங்கள். அலகின் நுனி காடியிலிருந்து எகிறி வெளியே வரும். பிறகு விரலால் எடுத்துவிடலாம். இதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மரத்தைச் சரிசெய்துவிடுவதே நல்லது.

சரிசெய்யும் முறை இது. கத்தியைத் திறந்து, நேர்வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் நாலைந்து நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் மரம் ஒரே பக்கமாகச் சுருங்கி வெடிக்கும். காய்ந்த பிறகு 120-ம் எண் உப்புத்தாளை ஒரு மெல்லிய தகட்டிலோ ஐஸ் குச்சியிலோ ஒருமுறை சுற்றி, காடியின் இரண்டு உள்சுவர்களையும் சமமாகத் தேய்க்க வேண்டும். ஆணிக்குப் பக்கத்தில் உள்ள முதல் 2 செ.மீ.தான் முக்கியம், பிடிப்பது அங்கேதான். அலகு தாராளமாக மடங்கும் வரை, ஆனால் பக்கவாட்டில் ஆடாத அளவுக்குத் தேய்த்தால் போதும். நிறையத் தேய்த்துவிட்டால் வெயில் காலத்தில் மரம் சுருங்கும்போது அலகு லொடலொடவென்று ஆடும். அதற்கு மருந்தில்லை. எனவே மழைக்காலத்தில் இறுகும் அளவை வைத்தே தேய்க்க வேண்டாம், காய்ந்த மரத்தில் அளவு பாருங்கள்.

அடுத்து ஈரம் உள்ளே போகாமல் அடைக்க வேண்டும். வாசலினை வெந்நீரில் வைத்து இளக்கி, காடிக்குள்ளும் ஆணியைச் சுற்றியும் ஊற்றி, முடி உலர்த்தும் கருவியால் மிதமாகச் சூடுகாட்டினால் மரம் உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று முறை செய்து, மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஆளி எண்ணெய் பூசுவதும் நல்லது, ஆனால் உலர ஒரு வாரத்துக்கு மேல் எடுக்கும். அந்த எண்ணெய் நனைந்த துணியைக் கசக்கிக் குப்பையில் போட்டால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும்; விரித்துக் காயவைத்த பிறகே எறிய வேண்டும். ஆணிக்கு எண்ணெய் விட மருந்துக்கடையில் கிடைக்கும் திரவ பாரஃபின் போதும்: உணவில் பட்டாலும் கெடுதல் இல்லை, சிக்குவாடை வராது. சமையல் எண்ணெய்கள் நாளாக நாளாகப் பிசினாகும். தையல் இயந்திர எண்ணெயை, பழம் நறுக்கும் கத்தியில் விடக் கூடாது.

கழுவுவதிலும் கவனம் வேண்டும். தண்ணீரில் மூழ்கவைக்காமல், அலகை மட்டும் ஈரத்துணியால் துடைத்து, காடிக்குள் சேரும் பழச்சக்கையைப் பஞ்சு சுற்றிய குச்சியால் எடுங்கள். இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு அதே 8-ல் நார்கலந்த பிளாஸ்டிக் பிடியும் ஊதலும் உள்ள வகை வருகிறது. ஈரப் பிரச்சினை அதில் இல்லை. ஆனால் அதன் அலகில் ஒரு பகுதி ரம்பப் பல்லாக இருப்பதால் வீட்டில் தீட்டுவது கடினம், விலையும் கூடுதல்.

கார்பனா, இனாக்ஸா

அலகில் கார்போன் என்று குத்தியிருந்தால் எக்ஸ்சி90 என்ற கார்பன் எஃகு. அதில் கார்பன் 0.9 விழுக்காடு அளவில் இருக்கும், துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லை. இனாக்ஸ் என்றிருந்தால் துருப்பிடிக்காத வகை: சுவீடனின் சாண்ட்விக் நிறுவனம் உருவாக்கிய 12சி27 குடும்பத்து எஃகு, குரோமியம் 13 விழுக்காட்டுக்கு மேல். கார்பன் வகை சற்று மலிவு. கல்லில் மளமளவென்று கூராகும், மிக நுண்ணிய வாய் எடுக்கும். ஆனால் எலுமிச்சை, வெங்காயம் நறுக்கியதும் அலகு கருநீலமாகும். அந்தக் கறை துரு அல்ல. அது துருவைத் தடுக்கும் படலம், அப்படியே விடலாம். செம்மஞ்சள் பொடிதான் துரு, அதைக் கண்டால் உடனே தேய்த்தெடுத்து எண்ணெய் பூச வேண்டும்.

நம் சமையலுக்கு கார்பன் வகையில் ஒரு சங்கடம் உண்டு. வாழைக்காய், வாழைப்பூ, நெல்லிக்காய் போன்ற துவர்ப்புள்ளவை இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். சுவையிலும் லேசான இரும்பு வாடை வரும். பழமும் காயும் நறுக்கத்தான் கத்தி வேண்டும் என்றால், கடலோரத்தில் வாழ்கிறீர்கள் என்றால், இனாக்ஸ் வாங்குங்கள். மரவேலை, தோட்டவேலை, பதியன் போடுவது இவற்றுக்கு கார்பன் நல்லது.

எஸ்30வி போன்ற விலையுயர்ந்த எஃகுகளை ஒப்பிட்டு, இவை இரண்டும் பழைய சரக்கு என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள். எஸ்30வி-யில் வனேடியம் 4 விழுக்காடு. கூர் நெடுநாள் நிற்கும் என்பது உண்மை. அதில் வனேடியமும் கார்பனும் சேர்ந்து உண்டாகும் கார்பைடு துகள்கள் சாதாரண சாணைக்கல்லின் துகளைவிடக் கடினமானவை என்பதும் உண்மை. வாய் மழுங்கினால் வைரத்தகடு வேண்டும், அது பெரும்பாலான வீடுகளில் இல்லை. மூன்று மாதம் கூர் நின்று, அதன் பிறகு யாராலும் தீட்ட முடியாமல் அலமாரியில் கிடக்கும் கத்தியைவிட, வாரம் ஒருமுறை பத்து நிமிடத்தில் தீட்டிக்கொள்ளும் கத்தி உபயோகம். மெல்லிய அலகுக்கு இன்னொரு ஆதாயம், வாய் சற்று மழுங்கிய பிறகும் அது வெட்டிக்கொண்டேயிருக்கும்.

தீட்டும் முறையில் ஓர் அளவு நினைவில் இருந்தால் போதும். இந்த அலகின் அகலம் 18 மி.மீ. அளவில். முதுகைக் கல்லிலிருந்து 6 மி.மீ. உயர்த்திப் பிடித்தால் பக்கத்துக்கு 20 டிகிரி, 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாகப் பிடித்தால் 15 டிகிரி. கார்பன் அலகு 15-ஐத் தாங்கும். இனாக்ஸுக்கு 17, 18 பாதுகாப்பு. 1000-ம் எண் கல்லை நனைத்து, ஒரு பக்கம் முழுவதும், தேய்த்ததில் வாயோரம் எழும் மெல்லிய பிசிறு விரலுக்குத் தட்டுப்படும் வரை தேய்த்து, பிறகு மறுபக்கம் அதேபோல். பாதி நீளத்தில் மட்டும் பிசிறு வந்த நிலையில் பக்கத்தை மாற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. அதனால்தான் அடிப்பக்கம் கூராகவும் நுனிப்பக்கம் மொட்டையாகவும் நிற்கிறது. கடைசியில் 3000-ம் எண் கல்லில் மிக லேசான அழுத்தத்தில் பக்கம் மாற்றி மாற்றி ஐந்தாறு இழுப்பு. பிறகு பழைய தோல் வாரில் வாய் பின்னால் வரும்படி இழுத்துப் பிசிறை நீக்குங்கள்.

இதே காசுக்கு வேறு என்ன

நேர்ப் போட்டி விக்டோரினாக்ஸ். சுவிட்சர்லாந்தின் இபாக்கில் கார்ல் எல்சனர் 1884-ல் தொடங்கிய பட்டறை, 1891-ல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. அதன் 93 மி.மீ. பயனியர் ஓபினெலைவிட விலை கூடியது. அலுமினியப் பிடி ஊதாது, எஃகு துருப்பிடிப்பது அரிது, வெந்நீரில் முக்கியே கழுவலாம், டின் திறப்பானும் திருப்புளியும் குத்தூசியும் கூடவே வரும். எஃகின் கடினம் ராக்வெல் என்ற அளவுகோலில் 56, எளிதில் தீட்டலாம். ஆனால் பூட்டு கிடையாது, முதுகுவில்லின் அழுத்தத்தில்தான் அலகு நிற்கிறது. குத்தினால் விரல் மேல் மடங்கும். வெட்டும் சுகத்தில் ஓபினெல் ஒரு படி மேலே. ஈரத்திலும் பன்முகப் பயனிலும் பயனியர் வெகுதூரம் மேலே. பயணத்தில் ஒரே ஒரு கத்திதான் என்றால் பயனியர். சாப்பாட்டுப் பையிலும் பட்டறையிலும் ஓபினெல்.

1964-ல் வந்த அமெரிக்காவின் பக் 110-ஐ இதனோடு சேர்த்துப் பேசுபவர்கள் உண்டு. முதுகுப் பூட்டு அருமை, பித்தளை முகப்பு பார்க்க கம்பீரம். எடை 200 கிராம், அதாவது ஓபினெலின் நான்கு மடங்குக்கு மேல். இடுப்பில் உறை மாட்டுபவர்களுக்கானது, பைக்கு ஆகாது.

கவனமாக இருக்க வேண்டியது இணையக் கடைகளில் இதே விலைக்கு வரும் பெயரில்லாத லைனர் லாக் கத்திகளிடம்தான். எஃகின் பெயர் 440 என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்: 440ஏ-வும் 440சி-யும் கார்பன் அளவில் வெகுவாக வேறுபடும், எழுத்தைச் சொல்லாதவர் உயர்ந்ததைக் கொடுக்க மாட்டார். டமாஸ்கஸ், அதாவது அடுக்கடுக்கான எஃகு, என்று அலையலையாகத் தெரிவது பல கத்திகளில் மேலே பொறித்த கோலம். மெல்லிய உப்புத்தாளால் அடியோரம் தேய்த்தால் அழிந்துவிடும். உண்மையான அடுக்கெஃகிலும் தேய்த்தால் மங்கும், ஆனால் அமிலத்தில் நனைத்தால் திரும்ப வரும். வாங்கிய கத்தியைத் திறந்து, பூட்டும் தகடு அலகின் அடியில் எவ்வளவு உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கால்வாசியிலிருந்து பாதி வரை நல்லது. புதிதிலேயே மறுகோடியைத் தொட்டால் திருப்பி அனுப்புங்கள். மடக்கிய கத்தியை நுனி கீழே வரும்படி பிடித்து உதறினால் அலகு வெளியே வரக் கூடாது.

ஓபினெல் கையில் வந்ததும் பார்க்க வேண்டியவை சில. அலகில் முடிசூடிய கையும், ஓபினெல், பிரான்ஸ் என்ற எழுத்துகளும், கார்போன் அல்லது இனாக்ஸ் என்ற குறியும் தெளிவாக இருக்க வேண்டும். மடக்கும்போது அலகு காடியின் ஒரு சுவரை உரசுகிறதா பாருங்கள். லேசான உரசலை உப்புத்தாள் சரிசெய்யும்; கூர் மரத்தில் இறங்கிக் கோடு போட்டிருந்தால் மாற்றிக் கேளுங்கள். திறந்து பூட்டிய பின் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருந்தால் பரவாயில்லை. சரடு கோக்கத் துளை வேண்டுமென்றால் வாலின் கடைசி 1 செ.மீ.க்குள் 3 மி.மீ. துளை போடலாம். அதற்கு முன்னால் போட்டால் காடியில் போய் முட்டும், அலகின் நுனி சரடை அறுக்கும்.

ஐரோப்பாவில் சாதாரண 8, பதினைந்து யூரோவை ஒட்டிக் கிடைக்கிறது. அந்த விலைக்கு இதைவிட நன்றாக வெட்டும் மடக்குக்கத்தி கிடையாது என்று துணிந்து சொல்லலாம். இறக்குமதி வரியும் கடைக்காரர் லாபமும் சேர்ந்து அதன் இரண்டு மடங்கானாலும் வாங்கலாம். மூன்று மடங்குக்கு மேல் கேட்டால் பயனியரின் விலையைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆலிவ், வால்நட் பிடிகளுக்குக் கூடுதலாகக் கொடுப்பது கண்ணுக்காக மட்டுமே, அலகு ஒன்றுதான். சிறுவர்களுக்கு 7-ம் எண்ணில் நுனி மழுங்கிய வகை தனியாக இருக்கிறது.

விமானத்தில் கைப்பையில் எந்த மடக்குக்கத்தியும் போகாது, சரக்குப் பெட்டியில் வையுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: அங்கே காரணம் சொல்லாமல் வெளியே எடுத்துச் செல்ல அனுமதியுள்ளது, வெட்டும் வாய் 3 அங்குலத்துக்கு மிகாத, பூட்டில்லாத மடக்குக்கத்திக்கு மட்டுமே. ஓபினெல் 8-ல் பூட்டும் உண்டு, வாயும் நீளம். அங்கே பையில் போட்டுக்கொள்ள பூட்டில்லாத ஓபினெல் 5-ஐ வாங்குங்கள். 8 சமையலறையில் இருக்கட்டும்.